பெட்டி சுத்தமாக இருக்கிறது

பிப்ரவரி 6

பதினாறு புள்ளி ஒன்பது.

இன்று எட்டுத் தட்டு செய்தேன். எட்டில் ஆகச் சிறந்தது இதுதான். மீதி ஏழையும் எழுதி வைக்கக் கை கூசுகிறது. போன செப்டம்பரில் இதே கை, இதே கரைசல், இதே பெட்டி. இருபத்திரண்டு புள்ளி ஆறு வந்தது. குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒருமுறை வந்ததும் அல்ல; அந்த மாதத்தில் மட்டும் ஐந்து முறை இருபத்திரண்டைத் தாண்டினேன். நூறு பங்கு வெயில் விழுந்தால் இருபத்திரண்டு பங்கைக் கரண்டாக மாற்றும் ஒரு பழுப்புப் படலம். பெயர் பெரோவ்ஸ்கைட். மாமனார் அதை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. ஏதோ பிஸ்கட் வேலை என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்.

பேராசிரியர் ஆய்வகக் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார். "என்ன, வந்துருச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"வரும், வரும்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மே 15-க்குள் வர வேண்டும். அதற்குள் வெளி அளவீட்டு நிலையத்துக்குத் தட்டை அனுப்பி, அவர்கள் அளந்து, இருபத்திரண்டு என்று சான்று தந்தால் எனக்கு மூன்று வருட நீட்டிப்பு. தராவிட்டால் மே 31-ஓடு வேலை முடிந்தது. நிதி தருபவர்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை, இருபத்திரண்டு என்று கட்டுரையில் எழுதி அச்சில் போட்டவன் நான்தானே.

பிப்ரவரி 9, ஞாயிறு

என் மனைவி இவளை மருத்துவமனை மருந்தகத்தில் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்கள். நிரந்தரம். காலையிலிருந்து வீட்டில் பாட்டுச் சத்தம்.

மத்தியானம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "இந்த ஊர் நாலாவது. மூணு தடவ உங்க பின்னாடி பெட்டி கட்டிட்டு வந்தேன். இனிமே கட்ட மாட்டேன். கோவத்துல சொல்லல. இப்பவே சொல்லி வெக்கிறேன், அவ்வளவுதான்."

"இங்கதான் நீட்டிப்பு கிடைக்கப் போகுதே."

"கிடைக்கட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்?"

சாயங்காலம் மாமனார் போனில் வந்தார். மகளிடம் அரை மணி நேரம் வாழ்த்து. பிறகு என்னிடம், "மாப்ள, உங்க படிப்பு எப்ப முடியும்?" பட்டம் வாங்கியாயிற்று என்று நானும் எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14

எழுதிப் பார்த்தால் வேலை ஒன்றும் பிரமாதமில்லை. நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டி. அதன் சுவரில் நீளமான ரப்பர் கையுறைகள். அவற்றுக்குள் கையை விட்டுத்தான் உள்ளே எதையும் தொட முடியும். தீப்பெட்டியில் பாதி அளவு கண்ணாடித் தட்டு. அதன்மேல் மஞ்சள் கரைசல் நான்கு சொட்டு. தட்டைச் சுழல விட வேண்டும். இருபதாவது நொடியில் இன்னொரு திரவத்தை ஒரே மூச்சில் மேலே விட வேண்டும். பிறகு சூட்டுத் தட்டு. மஞ்சள் கறுத்து, பளபளப்பாகி, குனிந்தால் முகம் தெரிய வேண்டும். செப்டம்பரில் என் மூக்குத் துவாரம் வரை தெரிந்தது. இப்போது படலம் பூசணம் பூத்தது போல மங்கிக் கிடக்கிறது.

கரைசலை மாற்றினேன். கரைசல் வாங்கும் கம்பெனியை மாற்றினேன். தட்டு கழுவும் சோப்பை மாற்றினேன். இருபதாவது நொடியைப் பத்தொன்பதாக்கினேன், இருபத்தொன்றாக்கினேன். நேற்று சூட்டுத் தட்டின் மேல் பழியைப் போட்டு, பக்கத்து ஆய்வகத்தில் கெஞ்சிக் கூத்தாடி இன்னொன்று வாங்கி வந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதினேழு புள்ளி இரண்டு.

பிப்ரவரி 20

பதினெட்டு புள்ளி மூன்று வந்தது. துள்ளிக் குதித்தேன். அடுத்த தட்டு பதினைந்து.

மார்ச் 3

இன்று கதவுக்குப் பின்னால் ஒரு பழைய வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்ததைப் பார்த்தேன். தொடாமலே தெரிந்தது யாருடையது என்று. கருவாடு.

அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான், ஆனால் இந்த நோட்டுக்குள் மட்டும். நேரில் "தம்பி" என்பேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், டிசம்பர் வரை எங்கள் ஆய்வகத்தில் இருந்தான். அவன் வேலை வேறு. அமீன் என்ற ஒரு ஆவியைக் கரைத்து வைத்த திரவத்தில் ஏதோ மை தயாரித்துக்கொண்டிருந்தான். அது அழுகின மீன் மாதிரி நாறும். அதே பெட்டியைத்தான் அவனும் பயன்படுத்தினான். குப்பியை மூடமாட்டான். துடைத்த காகிதத்தை உள்ளேயே விட்டுவிட்டுப் போவான். அவனுக்குப் பிறகு நான் கையுறைக்குள் கை விட்டால் விரல் ஒட்டும். பொருள்களை உள்ளே அனுப்பும் சின்ன அறையைத் திறந்தால் ஆய்வகம் முழுவதும் மீன் சந்தை.

பொறுத்துப் பார்த்தேன். நவம்பரில் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தக் குப்பி எத்தனை நிமிடம் திறந்து கிடந்தது, எல்லாம் எழுதினேன். அந்த ஆவி பெட்டியின் வாயுவைச் சுத்திகரிக்கும் உலோகத் தூளைக் கெடுத்துவிடும் என்றும் எழுதினேன். அது பொய் இல்லை. உண்மையிலேயே கெட்டுத்தான் போயிருந்தது. டிசம்பரில் புதுத் தூள் போட்டார்கள். கருவாட்டுக்கு வேலை நீட்டிக்கவில்லை. என் கடிதத்தால் மட்டுமா? அவனுக்கு முடிவுகளும் பெரிதாக இல்லை. என் கடிதத்தால் மட்டும் இருக்காது.

பிறகு விதி போட்டேன். வேலை முடித்தவர் முப்பது நிமிடம் புது நைட்ரஜன் விட்டுப் பெட்டியைக் கழுவ வேண்டும், மூடி இல்லாத குப்பி உள்ளே இருக்கக் கூடாது, அமீன் அறவே கூடாது. துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டார். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கிறேன். இப்போது பெட்டி சுத்தமாக இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

கோட்டைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 14

இன்று நடந்ததை எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

வாராந்திரக் கூட்டத்தில் ஒருவர் "கை ராசின்னு ஒண்ணு இருக்கு சார்" என்றார். விஞ்ஞானக் கூடத்தில்! எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. "நானே ஒரு தட்டு பண்ணிக் காட்டறேன், வாங்க" என்று எழுந்துவிட்டார். மனிதர் கையுறைக்குள் கை விட்டுப் பதினொரு வருடமாகிறது. மோதிரம் கழற்றினார், கடிகாரம் கழற்றினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். சுற்றி ஒன்பது பேர் நின்றோம். இருபதாவது நொடியில் திரவத்தை விட வேண்டிய இடத்தில், "இப்பவா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் இருபத்துநான்கு ஆகிவிட்டது. தட்டு பறந்து பெட்டியின் மூலையில் போய் விழுந்தது.

இரண்டாவது தட்டு பன்னிரண்டு. "உபகரணத்துல ஏதோ இருக்கு," என்றார் அவர், மோதிரத்தை மாட்டிக்கொண்டே. அவருக்கு உபகரணத்தில் கோளாறு. எனக்கு மட்டும் கையில் கோளாறு.

சிரிப்புத்தான் வருகிறது. மற்றவர்கள் போன பிறகு கழிவறையில் போய்க் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன செய்தாய் செப்டம்பரில்? எதை மறந்தாய்?

மார்ச் 29, சனி

வீட்டில் சண்டை. ஆரம்பித்து வைத்தவன் நான்.

சமையலறை அலமாரியை எல்லாம் இறக்கி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன். இவள் வேலையிலிருந்து வந்து பார்த்தாள். "உப்பு எங்க?" என்று கேட்டாள். தேடிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆனது.

"உங்களுக்கு மனசு சரியில்லன்னா என் அடுப்படியத்தான் நோண்டுவீங்களா? லேப்ல அந்தப் பையனப் போட்டு வறுத்தீங்க. இப்ப நான் கிடைச்சேனா?"

"அவன் பையன் இல்ல. முப்பத்தொண்ணு வயசு. குப்பியை மூடத் தெரியாதா?"

"மூடலன்னா சொல்லியிருக்கலாம். லெட்டர் எழுதணுமா?"

கத்தினேன். என்னடி தெரியும் உனக்கு, நாள் பூரா அந்த ரப்பருக்குள்ள கைய விட்டுக்கிட்டு நிக்கிறேன், ஒண்ணும் வர மாட்டேங்குது, எதனாலன்னு தெரிஞ்சாத்தானே சரி பண்ண முடியும், எதனாலன்னே தெரியலியே! வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எங்கள் பாப்பா பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வந்து நின்றாள். "அப்பா, உன் பெட்டி ரிப்பேரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இவள் உப்பு டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்தாள். சாப்பிடும்போது எனக்குத்தான் முதலில் பரிமாறினாள். அதற்குப் பதில் என்னை அவள் ஒரு அறை விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 7

தெரிந்துவிட்டது.

அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு தொங்கும். யார் எப்போது கை விட்டார்கள், எப்போது எடுத்தார்கள் என்ற நேரமும் அப்போதைய ஈரப்பதமும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். எல்லா ஆய்வகத்திலும் உள்ள வழக்கம்தான். செப்டம்பர் மாதத்தில் பெட்டியின் ஈரப்பதம் என்ன என்று பார்க்க அதை எடுத்தேன். ஈரப்பதத்தில் ஒன்றுமில்லை. என் கையெழுத்துகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டு புள்ளி ஆறு வந்த நாள். என் வரிக்கு மேல் வரியில் கருவாட்டின் கையெழுத்து. அவன் எடுத்தது பதினொன்று பத்து, நான் விட்டது பதினொன்று பதினைந்து. இருபத்திரண்டு புள்ளி மூன்று வந்த நாள். மேல் வரியில் அவன். அடுத்தது. அவன். ஐந்திலும் அவன்.

நான் முதல் ஆளாகப் போன காலைகளைப் பார்த்தேன். பதினாறு, பதினேழு, பதினாறு. அந்தத் தட்டுகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை நான். "முதல் தட்டு சாமிக்கு" என்று ஆய்வகத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. பெட்டி சூடு பிடிக்கும் வரை வருவதைத் தள்ளிவிட வேண்டும் என்பார்கள். எல்லாரும் தள்ளுவார்கள், நானும் தள்ளினேன். பெட்டிக்குச் சூடும் இல்லை, குளிரும் இல்லை. காலையில் அவன் வரவில்லை, அவ்வளவுதான்.

அவன் மூடாமல் விட்ட குப்பி. அந்த நாற்றம். அந்த ஆவி பெட்டியில் மிச்சம் இருந்த நாளில் என் படலம் இளகி, சமனாகி, கண்ணாடியாக உறைந்திருக்கிறது. இது இப்படி நடக்கும் என்பது இந்தத் துறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

முப்பது நிமிடம் கழுவச் சொன்னேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அதற்குப் பிளாஸ்டிக் உறையும் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 8

அவனுக்குப் போன் செய்தேன். நான்கு மாதத்தில் முதல் முறை. ஒரு பெயிண்ட் கடையில் இருக்கிறான். வாடிக்கையாளர் கொண்டு வரும் துண்டுத் துணிக்கோ ஓட்டுக்கோ பொருந்துகிற மாதிரி நிறம் கலந்து கொடுக்கும் வேலையாம்.

"அண்ணா! நீங்களா? நல்லாயிருக்கீங்களா? வீட்ல எல்லாரும்?"

உன் குப்பியில் அமீன் எவ்வளவு இருந்தது, எத்தனை நேரம் திறந்திருக்கும் என்று கேட்டேன். ஏன் என்று சொல்லவில்லை.

"அளவெல்லாம் எழுதலண்ணா. கண்ணளவுதான். நுரை அடங்குற வரைக்கும் ஆவிய விடுவேன். மூடிய... அவசரத்துல மறந்துடுவேன். உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன். அப்பவே மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன். மன்னிச்சுக்குங்க."

மன்னிப்புக் கேட்கிறான். என்னிடம்.

"பரவால்ல தம்பி," என்றேன். பரவாயில்லையாம்! வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10

பேராசிரியரிடம் சொன்னேன். பெட்டியில் முன்பு அமீன் ஆவி மிச்சம் இருந்திருக்கிறது, அதனால்தான் படலம் நன்றாக வந்தது, கொஞ்சம் அமீனை உள்ளே வைத்துச் செய்து பார்க்க அனுமதி வேண்டும்.

"அமீனா? பெட்டிக்குள்ளயா? விதியப் போட்டதே நீங்கதானய்யா!"

"நான்தான் சார்."

"துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டிருக்காரு. நாலு குழு பயன்படுத்துது. புதுத் தூளுக்கு ஒரு மாசம் காத்துக் கிடந்தோம். இப்ப நான் போயி, எங்க ஆள் தப்பா விதி போட்டுட்டாருன்னு சொல்லவா?"

தப்பான விதி இல்லை என்பதுதான் கொடுமை. நல்ல விதி. யாரிடம் காட்டினாலும் நல்ல விதி என்றுதான் சொல்வார்கள்.

"சரி, முன்னாடி யாரு அத உள்ள வெச்சிருந்தது?" என்று கேட்டார். என் நவம்பர் கடிதம் மனிதருக்கு மறந்தே போயிருந்தது.

"யாரோ சார். பழைய ஆளுங்க."

அப்படித்தான் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதப் போனேன், தானாக இல்லை. தெரிந்துதான் சொன்னேன். மே 15-க்கு ஐந்து வாரம் இருக்கிறது, இந்தக் கண்டுபிடிப்பு ஒன்றுதான் என் கையில் இருக்கிறது, அதில் இன்னொருவன் பெயரை ஒட்ட மனம் வரவில்லை. படுபாவி.

கீழ்த்தளத்தில் கழித்துக் கட்டிய பழைய பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் வேண்டுமானால் செய்துகொள்ளலாமாம்.

ஏப்ரல் 22

பழைய பெட்டி ஒழுகுகிறது. இடது கையுறையில் மூன்று ஓட்டை. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவது போல ரப்பர் துண்டு ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய மறுநாள் நான்காவது ஓட்டை. உள்ளே ஈரம் ஏறுகிறது. ஈரம் பட்டால் படலம் மஞ்சளாகத் திரும்பிவிடும். அமீன் வைத்தால் ஒரு நிமிடம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து மஞ்சள் பரவுகிறது. அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 26

வீட்டுக்குள் நுழைந்ததும் இவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "குளிச்சிட்டு வாங்க, முதல்ல குளிச்சிட்டு வாங்க" என்றாள். பாப்பா மாமனாரிடம் போனில், "தாத்தா, அப்பா இப்ப மீன் வேலை பாக்குறாரு," என்று சொல்லிவிட்டாள். பிஸ்கட்டாவது மரியாதையாக இருந்தது.

மே 2

பதினான்கு.

மே 5

பதினான்கு புள்ளி ஐந்து. நாற்பத்தாறு தட்டு. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியில் தோற்றவன் என்னைப் போல எவனாவது உண்டா?

மே 8

மேல்தளப் பெட்டியில், அமீன் இல்லாமல், பத்தொன்பது புள்ளி எட்டு ஒன்று வந்தது. ஏன் வந்தது என்று கேட்கவில்லை. நைட்ரஜன் பையில் வைத்து, இரண்டு உறை போட்டு, வெளி நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். இருபத்திரண்டு இல்லை என்று தெரிந்தே அனுப்பினேன். அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

மே 15

மின்னஞ்சல் வந்தது. பதினெட்டு புள்ளி ஒன்று. கீழே அவர்கள் வழக்கமாகப் போடும் நன்றி.

இவளிடம் போனில் சொன்னேன். மருந்தகத்தில் கூட்டம் போல, பின்னால் ஒரே சத்தம். "சரி," என்றாள். "சரி. மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

மே 21

பேராசிரியர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல சேதிக்கு அவர் உட்காரச் சொல்வதில்லை.

அந்த அமீன் விஷயத்தை வைத்து போன மாதமே சின்னதாக ஒரு திட்டம் எழுதிப் போட்டிருந்தாராம். தனிப் பெட்டி ஒன்று, ஆள் ஒருவர். கிடைத்துவிட்டது. அப்பாடா என்று எழக்கூடப் பார்த்தேன்.

"ஆனா ஒரு சிக்கல். பட்டம் வாங்கி ஏழு வருஷத்துக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கான். உங்களுக்கு எட்டு ஆயிடுச்சில்ல?"

"எட்டு வருஷம் நாலு மாசம் சார்."

"நான் பேசிப் பாத்தேன். முடியாதுன்னுட்டான்." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். மேசை மேலிருந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார், மறுபடி கலைத்தார். "நீங்களே ஒரு ஆளச் சொல்லுங்க. இது உங்க கண்டுபிடிப்பு. நீங்க சொல்ற ஆளையே போட்டுக்கறேன்."

சன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன். என் கண்டுபிடிப்பு இல்லை சார். டிசம்பரில் போனானே, அவனுடைய குப்பி அது. அவன் மூடாமல் விட்டதால் வந்தது. இருபத்திரண்டு புள்ளி ஆறும் அதனால் வந்ததுதான். யாரோ பழைய ஆள் என்று நான் உங்களிடம் சொன்னது பொய். பதிவேடு இருக்கிறது, பாருங்கள்.

"அந்த நாத்தம் புடிச்ச பையனா?" என்றார். பிறகு மெல்ல, "அவனப் பத்தி எனக்கு லெட்டர் எழுதினது..."

"நான்தான் சார்."

அவனுக்குப் பட்டம் வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது.

மே 24, சனி

பெயிண்ட் கடைக்கே போனேன். கடைக்குள் வண்ண டப்பாக்கள் கூரை வரை. ஒரு அம்மாள் ஒரு பழைய தலையணை உறையை நீட்டி, இந்த நீலம் வேண்டும் என்றார். அவன் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இயந்திரம் சொன்ன அளவைப் போட்டுவிட்டு, அதற்குமேல் தானாகக் கறுப்பு இரண்டு சொட்டு விட்டான். சரியாக அதே நீலம். அந்த அம்மாள் கையைத் தட்டினார். நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

கடைக்கு வெளியே படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேடு, செப்டம்பர், புது இடம். வாயைத் திறந்தபடி கேட்டான். இரண்டு முறை, "என் குப்பியா?" என்றான்.

கடைசியாக, "தம்பி, நவம்பர்ல சாருக்கு உங்களப் பத்தி ஒரு லெட்டர் போச்சு. அத எழுதினது நான்," என்றேன்.

"தெரியும்ணா."

"தெரியுமா?"

"நிமிஷக் கணக்கோட புகார் எழுதுற ஆளு அந்த லேப்ல வேற யாரு?" சிரித்தான். சிரித்து முடித்தபின் கையிலிருந்த நீலத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். "ரெண்டு மாசம் ரொம்பக் கோவமா இருந்துச்சு. அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. அப்புறம், குப்பிய மூடாம விட்டது நாமதானேன்னு தோணுச்சு."

மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை நான்.

"விடுங்கண்ணா," என்றான். விட்டானா என்று தெரியவில்லை. வேலையில் சேர்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

மே 30

கடைசி நாள். சாவி கொடுத்தேன். மஞ்சள் கரைசல், கலந்து வைத்த ஆறு குப்பி இருக்கிறது. மூடி இறுக்கி, தேதி ஒட்டி, தம்பிக்கு என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். வந்த பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.

ஜூன் 17

வேறு ஊரில் ஓராண்டு இடம் ஒன்று வந்தது. இவளிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வரை யோசித்தேன். வரவில்லை என்று பதில் எழுதினேன். தியாகம் எல்லாம் ஒன்றுமில்லை. ஐந்தாவது ஊரில் ஆறாவது பெட்டிக்குள் கையை விட எனக்குத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 19

காலையில் ஒரு பள்ளிக்கூடத்து மொட்டை மாடி. நாற்பது சூரியப் பலகை, எல்லாம் சந்தையில் கிடைக்கும் பழைய சிலிக்கான். கரண்ட் குறைகிறது என்று புகார். போய்ப் பார்த்தால் பறவை எச்சம். நான் இப்போது வேலை பார்க்கும் கம்பெனியில் துடைக்கிற ஆள் இன்று வரவில்லை, நானே துடைக்க ஆரம்பித்தேன். எனக்குப் பிடித்த வேலைதான், சொன்னால் சிரிப்பார்கள்.

பன்னிரண்டாவது பலகையில் இருந்தபோது தம்பி கூப்பிட்டான். மூச்சு வாங்கிற்று அவனுக்கு.

"அண்ணா, இருபத்திரண்டு ஒன்பது! வெளியில அளந்து சான்று வந்துருச்சு. மூணு தட்டு அனுப்பினேன், மூணும் இருபத்திரண்டுக்கு மேல. ஆவி எவ்வளவுன்னு சொட்டுக் கணக்கா எழுதி வெச்சிருக்கேன். நம்பவே மாட்டீங்க, குப்பிய மூடி வெக்கிறேன்!"

"அப்படியா," என்றேன். "அப்படியா தம்பி. ரொம்ப சந்தோஷம்."

சந்தோஷம்தான். அது பொய்யில்லை. கூடவே பொறாமையாகவும் இருந்தது, அதுவும் பொய்யில்லை. மூன்று தட்டும் வந்திருக்கிறது. அப்படியானால் முதலிலிருந்தே வரக்கூடியதுதான். என் கையில் கோளாறு எதுவும் இருந்ததில்லை.

"கட்டுரை அனுப்பறோம்ணா. உங்க பேர் ரெண்டாவது. முதல்ல போடலாம்னுதான் சார்கிட்ட சொன்னேன்..."

"ரெண்டாவதே சரி."

"ஒண்ணு கேக்கணும். பேருக்குக் கீழ வேலை பாக்குற இடத்தோட முகவரி போடணுமில்ல? பழைய லேப் முகவரி போடக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. உங்களுக்கு என்ன போடட்டும்?"

கீழேயிருந்து பள்ளிக்கூடக் காவலாளி கத்தினார்: "சார், இன்னும் எவ்வளவு நேரம்?" பத்து நிமிடம் என்று நானும் கத்தினேன். கம்பெனிப் பெயரைச் சொல்லலாமா என்று யோசித்தேன். மொட்டை மாடிப் பலகை பழுது பார்ப்போர். பிறகு, வீட்டு முகவரியைப் போட்டுவிடு, எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. சட்டையால் மறைத்துக்கொண்டு தெருப் பெயரை அடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு பார்த்தால் கதவு எண் தப்பு. போன ஊர் வீட்டு எண்ணைப் போட்டிருக்கிறேன். சரியான எண் சட்டென்று ஞாபகம் வரவில்லை. இவளுக்குப் போன் செய்து கேட்டேன்.

"நூத்திப் பதினாலு," என்றாள். "எதுக்கு?"

சொன்னேன். "மாடின்னும் சேத்துப் போடுங்க. இல்லன்னா கீழ் வீட்டுக்குப் போயிடும்," என்றாள்.